ஓர் ஆளை வேலைக்கு வைத்தால்: இலங்கையில் கடை, சிறு நிறுவன உரிமையாளர்களின் சட்டக் கடமைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலசரக்குக் கடை, புடைவைக் கடை, மருந்தகம், கணக்காளர் அலுவலகம், பேக்கரி என்று சில பேரை வைத்து வேலை வாங்கும் இடங்களுக்காக எழுதப்பட்டது இது. தொழிற் சட்டத்தில் முதலில் மனத்தில் இருத்தவேண்டிய இலக்கங்கள் இரண்டு: 1, 15. ஒருவரை வைத்தாலே தொடங்கும் கடமைகள் ஒரு பக்கம். பதினைந்தாவது ஆள் வந்ததும் சேர்ந்துகொள்வன மறுபக்கம். தொழில் அலுவலகத்துக்குப் போகும் பிணக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வருபவைதான்.

என்னிடம் ஒரே ஒரு பொடியன்தான் நிற்கிறான். சேமலாப நிதி கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை என்று எதுவும் இல்லை. முதல் ஆள் வேலைக்குச் சேர்ந்து 14 நாட்களுக்குள் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிவுசெய்து இலக்கம் எடுக்க வேண்டும். வணிகப் பதிவுச் சான்றிதழ், உரிமையாளரின் அடையாள அட்டை, ஊழியரின் விபரம் இவையே முக்கியமாகத் தேவைப்படும். கீழே வரும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் இதே இலக்கம்தான்.

விலக்கு மிகச் சிலருக்கே உண்டு: குடும்ப உறுப்பினர் மட்டும் வேலைசெய்யும் தொழில், 10 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் தர்ம நிறுவனம், வீட்டு வேலையாட்கள். வீட்டு வேலைக்கென்று எடுத்தவரைக் காலையில் வீட்டிலும் மத்தியானம் கடையிலும் நிற்கவைத்தால், அவரை வீட்டு வேலையாள் என்று சொல்லித் தப்ப முடியாது.

எவ்வளவு கட்டுவது? கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம், உங்கள் பையிலிருந்து 12 வீதம், ஆக 20 வீதம் சேமலாப நிதிக்கு. இதைவிட 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். இந்த 3 வீதத்தில் ஒரு சதத்தையும் ஊழியரின் சம்பளத்திலிருந்து எடுக்கக் கூடாது.

40,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியரிடம் கழிப்பது 3,200. நீங்கள் சேர்ப்பது 4,800. சேமலாப நிதிக்குப் போவது 8,000. நம்பிக்கை நிதியத்துக்கு 1,200. ஊழியர் கையில் 36,800 வாங்குவார். உங்களுக்கு மொத்தச் செலவு 46,000. ஆளை எடுக்குமுன் பேசவேண்டிய இலக்கம் இந்த 46,000. '40,000 தாறன்' என்று வாயால் சொல்லிவிட்டு, மாத முடிவில் 20 வீதத்தையும் அவருடைய சம்பளத்திலேயே கழிக்கும் கடைகள் உண்டு. உங்கள் 12 வீதத்தை அவரிடமிருந்து எடுப்பது சட்ட மீறல். அவர் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருந்தாலும் செல்லாது.

எந்தப் பணத்தில் கணக்கிடுவது? அடிப்படைச் சம்பளத்தில் மட்டுமா?

இல்லை. அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறை நாட்களுக்கான சம்பளம், சாப்பாட்டுப் படி, விற்பனைத் தரகு, துண்டு வேலைக்கான கூலி எல்லாமே 'மொத்த உழைப்பு' என்பதற்குள் வரும். நீங்கள் கொடுக்கும் சமைத்த சாப்பாட்டின் பெறுமதியும் வரும். சாப்பாட்டுக் கடைக்காரர் பலருக்கு இது புதினம். மேலதிக நேரக் கொடுப்பனவும், உண்மையான செலவை ஈடுசெய்யக் கொடுக்கும் பயணப் பணமும் வராது.

அடிப்படையைச் சிறிதாக வைத்து, மிச்சத்தை 'ஊக்கப்படி' என்று எழுதினால் கட்டுத்தொகை குறையும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். வேலை கூடினாலும் குறைந்தாலும் மாதாமாதம் ஒரே தொகை போகிறதென்றால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது சம்பளம்தான். தொழில் உத்தியோகத்தர் சம்பளப் பட்டியலை மூன்று மாதத்துக்குப் புரட்டினாலே கண்டுபிடித்துவிடுவார்.

பயிற்சிக் காலம் முடிந்த பிறகு கட்டத் தொடங்கினால் போதாதா?

போதாது. சம்பளம் பெறும் பயிலுநர், தகுதிகாண் காலத்தில் இருப்பவர், நாட்கூலி, பகுதிநேரம், தற்காலிகம் எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஏற்கெனவே சேமலாப நிதியை எடுத்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்த முதியவருக்கும் கட்ட வேண்டும். 'ஆறு மாதம் பார்ப்பம், நின்றால் கட்டுவம்' என்பது வழக்கத்தில் உள்ளது; சட்டத்தில் இல்லை.

எப்போது கட்ட வேண்டும்? பிந்தினால் என்ன?

ஒரு மாதத்துக்குரியதை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு முன் கட்ட வேண்டும். பிந்தினால் சேமலாப நிதிக்கு மேலதிகக் கட்டணம் விழும்: 10 நாள் வரை 5 வீதம், அதற்குமேல் ஒரு மாதம் வரை 15, மூன்று மாதம் வரை 20, ஆறு மாதம் வரை 30, ஒரு வருடம் வரை 40, அதற்குமேல் 50 வீதம். மேலே சொன்ன 8,000 ரூபாயை இரண்டு மாதம் பிந்திக் கட்டினால் 1,600 மேலதிகம். ஒரு வருடத்துக்கு மேல் விட்டால் 4,000. ஐந்து வருடமாகக் கட்டாத கடை ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வங்கிக் கடன் மலிவாகத் தெரியும்.

கட்டாதவர்மேல் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு வைக்கலாம். நீதிமன்றம் அதைத் தண்டப்பணம்போல அறவிடும். கொம்பனியாக இருந்தால் பணிப்பாளர்களும் பொறுப்பு. கடையை மூடியதால் கடன் மறையாது.

இன்னொன்று. சம்பளம் கொடுக்கும்போது 8 வீதத்தைக் கழிக்க மறந்துவிட்டீர்கள் என்றால், பிறகு ஊழியரிடம் அதைத் திருப்பிக் கேட்க முடியாது. 20 வீதமும் உங்கள் தலையில்தான். 8 வீதத்தைக் கழித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பதோ இதைவிட மோசம். அது அவருடைய பணம்.

குறைந்தபட்சச் சம்பளம் இப்போது எவ்வளவு?

தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரல் 1 முதல் மாதம் 27,000 ரூபாய், நாளொன்றுக்கு 1,080 ரூபாய். 2026 ஜனவரி 1 முதல் மாதம் 30,000, நாளொன்றுக்கு 1,200. 2016இல் இந்தச் சட்டம் வந்தபோது 10,000 ஆக இருந்தது. ஆகவே பழைய நியமனக் கடிதங்களில் எழுதியிருக்கும் தொகையை நம்பி இருக்காதீர்கள். உங்கள் தொழிலுக்கென்று சம்பளச் சபை ஒன்று இருந்து, அது கூடிய தொகையை விதித்திருந்தால் அந்தக் கூடிய தொகைதான் செல்லும்.

சம்பளச் சபையா? கடைகளுக்கு வேறு சட்டம் இல்லையா?

கடைகளும் அலுவலகங்களும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகின்றன. உற்பத்தி, போக்குவரத்து, அச்சு, பேக்கரி போன்ற பல தொழில்களுக்குச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனித்தனிச் சபைகள் உள்ளன. சிக்கல் வருவது கலப்பு இடங்களில். முன்னால் விற்பனை, பின்னால் போறணை. காசு மேசையில் இருப்பவருக்கு ஒரு சட்டம், மா குழைப்பவருக்கு வேறு சட்டம். லீவு, மேலதிக நேர விகிதம் இரண்டும் வேறுபடும். ஒவ்வோர் ஊழியரும் எதற்குள் வருகிறார் என்பதைத் தொழில் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. கீழே வேறாகச் சொல்லாத இடங்களில் கடை, அலுவலகச் சட்டத்தையே சொல்கிறோம்.

நியமனக் கடிதம் கொடுத்தால் பிறகு ஆளை நிறுத்த முடியாது என்கிறார்களே?

இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. கடிதம் கொடுப்பது கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் கட்டாயம். வேலைக்குச் சேரும் நாளிலேயே கொடுக்க வேண்டும். பெயர், பதவி, நியமனத்தின் தன்மை, தொடங்கும் திகதி, அடிப்படைச் சம்பளமும் படிகளும், சம்பளக் காலம், வேலை நேரம், வாராந்த விடுமுறை, வருடாந்த லீவு, மேலதிக நேர விகிதம், சேமலாப நிதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். தகுதிகாண் காலம் எவ்வளவு, விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பதையும் சேருங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவருடைய கையெழுத்தை வாங்கி வையுங்கள். அவருக்கு விளங்கும் மொழியில் இருக்கட்டும். வவுனியாவில் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு ஆங்கிலக் கடிதம் கொடுத்தால், பிறகு 'எனக்கு விளங்கவில்லை' என்பதே அவருடைய வாதமாகிவிடும்.

கடிதம் இல்லாதபோது நீங்கள் சொல்வதற்கும் அவர் சொல்வதற்கும் இடையில் ஆதாரம் எதுவும் இருக்காது. தகுதிகாண் காலம் ஒன்று இருந்தது என்பதைக்கூட நிரூபிக்க முடியாமல் போகும். சேரும்போதே திகதியில்லாத விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைப்பது சில இடங்களில் பழக்கம். அதைத் தொழில் நியாய சபையில் (நீக்கப்பட்ட ஊழியர் முறையிடும் இடம்) காட்டினால் உங்களுக்கே பாதகம். அடையாள அட்டையையோ சான்றிதழ்களின் மூலப் பிரதியையோ பிடித்துவைப்பதும் அப்படித்தான்.

காலை 8 முதல் இரவு 8 வரை கடை. எத்தனை மணித்தியாலம் ஒருவரை நிற்கவைக்கலாம்?

சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. சாப்பாட்டு, தேநீர் இடைவேளைகள் இதற்குள் அடங்கா. மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது.

இப்போது உங்கள் கடையைப் பார்ப்போம். 12 மணித்தியாலத்தில் மத்தியானம் ஒரு மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம் இடைவேளை போக 10½ மணித்தியாலம். ஆறு நாளுக்கு 63. அதில் 45ஐக் கழித்தால் 18 மணித்தியாலம் மேலதிக நேரம். அதற்குரிய பணத்தை ஒரு சதம் குறையாமல் கொடுத்தாலும் நீங்கள் சட்டத்தை மீறுகிறீர்கள், ஏனென்றால் எல்லை 12தான். 'நான் ஓட்டி (மேலதிக நேரப் பணம்) ஒழுங்காகக் கொடுக்கிறேன்' என்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வழி ஒன்றே: ஆட்களை இரண்டு நேரமாகப் பிரித்து வரவைப்பது. காலை 8க்கு வருபவர் பின்னேரம் போகட்டும், 11க்கு வருபவர் கடையைப் பூட்டட்டும்.

மேலதிக நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து ஒன்றரை மடங்காக்க வேண்டும். 40,000 என்றால் மணித்தியாலத்துக்கு 166.67, ஒன்றரை மடங்கு 250 ரூபாய். சம்பளச் சபைத் தொழில்களில் 200ஆல் வகுப்பதே வழமை, அப்போது அதே சம்பளத்துக்கு 300 வரும். பேக்கரிக்காரர் 240ஐப் பாவித்தால் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 50 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார்.

வார விடுமுறை ஒரு நாளா, ஒன்றரை நாளா?

ஒன்றரை நாள், சம்பளத்துடன். அந்த வாரத்தில் 28 மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலைசெய்தவருக்கு அந்த விடுமுறைக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் எடுத்த லீவும் அந்த 28க்குள் சேர்த்தே எண்ணப்படும். அரை நாளைக் கொடுக்காமல் விடும் கடைகளே அதிகம். ஞாயிறு முழு நாளும், வேறொரு நாளில் ஒவ்வொருவராகப் பின்னேரமும் என்று சுற்றுமுறை போட்டால் கடையைப் பூட்டத் தேவையில்லை.

போயாவுக்கும் தீபாவளிக்கும் கடை திறக்கலாமா?

போயா தினம் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. வேலைக்கு அழைத்தால் அன்றைய சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அன்று அவருடைய வார விடுமுறை நாளாக இருந்தால் தனியாக இன்னொரு நாள் கொடுக்க வேண்டியதில்லை.

இதைவிட வர்த்தக விடுமுறைகள் எட்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், மீலாதுன் நபி, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் போயாவுக்கு மறுநாள், நத்தார். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது டிசெம்பர் 31க்கு முன் பதிலுக்கு ஒரு நாள் விடுமுறை.

பட்டியலைத் திரும்பவும் பாருங்கள். தீபாவளி இல்லை. சிவராத்திரி இல்லை. பெரிய வெள்ளி இல்லை. அவை அரசாங்க, வங்கி விடுமுறைகள் மட்டுமே. தீபாவளிக்கு ஊழியருக்கு லீவு கொடுப்பது நல்ல முதலாளியின் வழக்கம், சட்டக் கடமை அல்ல. அந்த நாளை அவருடைய வருடாந்த லீவில் கழிக்கப் போகிறீர்கள் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

வருடத்துக்கு எத்தனை நாள் லீவு?

வருடாந்த லீவு 14 நாள், அமைய லீவு (திடீர்த் தேவைகளுக்கு எடுப்பது) 7 நாள். சேர்ந்த ஆண்டில் வருடாந்த லீவு இல்லை. அந்த ஆண்டில் அமைய லீவு மட்டும், முடித்த ஒவ்வோர் இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள். இரண்டாவது ஆண்டில் எத்தனை நாள் என்பது சேர்ந்த திகதியைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, அதற்குப் பிறகு 4. 'ஆண்டு' என்பது இங்கே நாட்காட்டி ஆண்டு. சேர்ந்த நாளிலிருந்து எண்ணும் பன்னிரண்டு மாதமல்ல. மே 10இல் சேர்ந்தவருக்கு மறு ஜனவரியிலிருந்து 10 நாள், அதற்கடுத்த ஆண்டு 14.

சுகவீன லீவு என்று தனியாக இந்தச் சட்டத்தில் இல்லை. காய்ச்சல் என்றாலும் கல்யாணவீடு என்றாலும் அமைய லீவிலிருந்தே போகும். மருத்துவச் சான்றிதழுக்குத் தனி லீவு நீங்களாக விரும்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் நியமனக் கடிதத்தில் எத்தனை நாள் என்று எழுதுங்கள்.

பிரசவ லீவுச் சம்பளத்தை அரசாங்கம் தருமா?

தராது. முழுவதும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இந்தியாவில் உள்ளதுபோல இதற்குத் தனியாக ஒரு காப்புறுதி நிதி இங்கே இல்லை. சின்னக் கடைக்கு இது பாரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்காக விலக்கு இல்லை.

2018ஆம் ஆண்டுத் திருத்தங்களுக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடு போய்விட்டது. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள்தான். இப்போது எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள். கடை, அலுவலக ஊழியருக்கு இந்த 84 நாளில் வார விடுமுறை, போயா, வர்த்தக விடுமுறை சேராது. ஆகவே நாட்காட்டியில் நான்கு மாதத்தை நெருங்கும். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தொழிற்சாலை ஊழியருக்கு விடுமுறைகளும் உட்பட 12 வாரம். குழந்தை இறந்து பிறந்தால் 42 நாள். அந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளையும் கொடுக்க வேண்டும்: குழந்தை பராமரிப்பு இடம் இருந்தால் தலா அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் தலா ஒரு மணித்தியாலம்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் 'இனி வரவேண்டாம்' என்று சொல்வது சட்ட மீறல். வாய்ப்பேச்சில் சொல்லாமல், அவரே விலகும்படி வேலையைக் கடினமாக்குவதும் நியாய சபையில் எடுபடாது.

மேசைக் காசு குறைந்தால் ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கலாமா?

உங்கள் எண்ணப்படி பிடிக்க முடியாது. சட்டம் அனுமதித்த கழிவுகள் மட்டுமே செல்லும். முற்பணமோ கடனோ கழிப்பதென்றாலும் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மேசைக் காசு குறைவது நெடுக நடக்கிறதென்றால் ஒரே லாச்சியில் மூவர் கைவைக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். யார் எடுத்தார் என்று தெரியாத பணத்தை மூவரிடமும் பங்குபோட்டுக் கழிப்பது எந்த விசாரணையிலும் நிற்காது.

மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

போனஸ் கட்டாயமா?

இல்லை. ஆனால் பல வருடமாக ஒரே முறையில் கொடுத்துவந்ததைத் திடீரென்று நிறுத்தினால் தொழிற் பிணக்காக மாறலாம். கொடுக்கும்போது 'இவ்வருட இலாபத்தைப் பொறுத்து' என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

எத்தனை வயதிலிருந்து வேலைக்கு எடுக்கலாம்?

16. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 14 என்பது 16 ஆகியது. பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்து நிற்கும் 15 வயதுப் பிள்ளையும் இதற்குள் அடக்கம். ஆபத்தான தொழில்கள் என்று வரையறுக்கப்பட்டவற்றுக்கு 18 ஆக வேண்டும். பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கோவையில் வையுங்கள்.

வேலையில் காயப்பட்டால்?

வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து உள்ளது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச நட்டஈட்டை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. வேலைக்கு வரும் வழியிலோ வீடு திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தையும் சேர்த்தது. மோட்டார் சைக்கிளில் வரும் ஊழியர்கள் உள்ள கடைகள் இந்த இரண்டாவது பகுதியைக் கவனிக்க வேண்டும். காப்புறுதி எடுத்திருந்தால் அது பழைய தொகைக்கா, வழிப் பயணத்துக்கும் பொருந்துமா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்.

மரணம் என்றால் நட்டஈட்டை வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும். இரக்கத்தில் குடும்பத்தின் கையில் நேரே கொடுத்த பணம் நட்டஈடாகக் கணக்கில் எடுக்கப்படாமல் போகலாம். தொழிற்சாலை என்றால், உயிரிழப்பையும் மூன்று நாளுக்கு மேல் வேலைசெய்ய முடியாமல் ஆக்கிய காயத்தையும் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும்.

பணிக்கொடை எப்போது, எவ்வளவு?

பணிக்கொடை என்பது வேலையிலிருந்து போகும்போது கொடுக்கும் தொகை; அதை விதிப்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 5 வருடம் பூர்த்தியாக்கியவருக்கு, ஒவ்வொரு முழு வருடத்துக்கும் கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளத்தின் பாதி. நாட்கூலி போன்றோருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. 40,000 பெறும் ஒருவர் 8 வருடத்தில் விலகினால் 20,000 × 8 = 1,60,000. தானாக விலகினாலும், ஓய்வுபெற்றாலும், இறந்தாலும், நீங்கள் நீக்கினாலும் உண்டு. 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் 10 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 30 வீதம் வரை மேலதிகக் கட்டணம்.

மோசடி, பணக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்று செய்த சேதம் ஆகியவற்றுக்காக நீக்கப்பட்டவரிடம் மட்டும், ஏற்பட்ட இழப்பின் அளவுக்குப் பிடிக்கலாம். 10,000 ரூபாய் களவுக்கு 1,60,000ஐயும் நிறுத்த முடியாது.

இந்தச் சட்டம் 15 பேருக்கு மேல் உள்ள இடத்துக்குத்தானே? என்னிடம் 13 பேர்.

15ம் அதற்கு மேலும். ஆனால் எண்ணும் முறையைக் கவனியுங்கள். விலகிய நாளுக்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளில் 15 பேர் இருந்திருந்தால் போதும். தீபாவளிக்கும் நத்தாருக்கும் கூட்டம் என்று இரண்டு தற்காலிக ஆட்களை எடுத்தீர்களா? அந்த நாட்களில் உங்களிடம் 15 பேர். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் விலகும் பழைய ஊழியர் பணிக்கொடை கேட்கலாம். சம்பளப் பதிவேட்டில் அந்த இருவரின் பெயரையும் எழுதாமல் விட்டால் தப்பலாம் என்று நினைத்தால், அது பதிவேட்டைப் பொய்யாக்கிய இன்னொரு குற்றம்.

15 பேரே இல்லாத கடையும் முழுதாக விடுபட்டதல்ல: தொழில் நியாய சபை, கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ், அங்கே வேலைசெய்தவருக்கும் பணிக்கொடை விதிக்கலாம்.

வியாபாரம் விழுந்துவிட்டது. ஆளைக் குறைக்கலாமா?

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலைநீக்கச் சட்டம் இங்கே வருகிறது. இதற்கும் எல்லை 15 பேர், ஆனால் எண்ணும் முறை வேறு: முந்திய ஆறு மாதத்தின் சராசரி. அப்படிப்பட்ட இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலைசெய்த ஒருவரை ஒழுக்கக் காரணம் தவிர்ந்த வேறெதற்காகவும் நீக்குவதானால் இரண்டில் ஒன்று வேண்டும்: அவருடைய எழுத்துமூலச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்அனுமதி. அனுமதியின்றி நீக்கினால் அந்த நீக்கமே செல்லாது. இடைப்பட்ட காலத்துக்குரிய சம்பளத்துடன் திரும்ப எடுக்கும்படி கட்டளை வரலாம்.

அனுமதி கிடைக்கும்போது இழப்பீட்டுக்குச் சூத்திரம் உண்டு. முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 2½ மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை 2 மாதம், 15 முதல் 19 வரை 1½, 20 முதல் 24 வரை 1, அதற்குமேல் ½. மொத்தம் 25 இலட்சத்தைத் தாண்டாது. நம்முடைய 40,000 ரூபாய், 8 வருடக்காரருக்கு 12½ + 6 = 18½ மாதம், 7,40,000 ரூபாய். பணிக்கொடை 1,60,000 இதற்கு வெளியே. நட்டத்தில் ஓடும் கடை ஒன்றுக்கு இந்தத் தொகை திகைப்பூட்டும். அதனால்தான் பலர் ஊழியருடன் பேசி, ஒத்துக்கொண்ட ஒரு தொகைக்கு எழுத்தில் சம்மதம் வாங்குகிறார்கள். அது முறையான வழி. மிரட்டி வாங்கிய சம்மதம் முறையல்ல.

களவெடுத்தவரை அன்றைக்கே நிறுத்தலாமா?

நிறுத்தலாம், ஆனால் அவசரத்தில் செய்வதுதான் முதலாளிமாரைத் தோற்கடிக்கிறது. 15 பேருள்ள இடத்தில் ஒழுக்கக் காரணத்துக்காக நீக்கினால், நீக்கிய நாளுக்குப் பின் இரண்டாவது வேலை நாள் முடியுமுன் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சட்டம் அதை ஒழுக்கக் காரணத்துக்கான நீக்கமாக ஏற்காது. மேலே சொன்ன அனுமதி எங்கே என்ற கேள்வி வந்துவிடும். உண்மையிலேயே களவெடுத்தவர்கூட இந்த ஒரு ஓட்டையால் வென்றுவிடலாம்.

செய்யவேண்டிய ஒழுங்கு: முதலில் குற்றச்சாட்டைத் திகதி, தொகை, பொருள் குறிப்பிட்டு எழுதி விளக்கம் கேளுங்கள். பதிலளிக்க நியாயமான அவகாசம் கொடுங்கள். பில், கமராப் பதிவு, கண்டவரின் கூற்று ஆகியவற்றைச் சேருங்கள். முடிந்தால் சம்பவத்தில் தொடர்பில்லாத ஒருவரை வைத்து விசாரியுங்கள். பிறகு முடிவை எழுதிக் கொடுங்கள். உள்ளக விசாரணை சட்டப்படி கட்டாயமில்லை. தொழில் நியாய சபை எல்லாவற்றையும் புதிதாகவே கேட்கும். ஆனால் ஒரு வருடம் கழித்துச் சாட்சி சொல்லப் போகிறவருக்கு அன்றைக்கு எழுதிவைத்த தாள்தான் ஞாபகம். நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் நியாய சபைக்குப் போகலாம், அங்கே 15 பேர் என்ற எல்லை கிடையாது.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். பெயரை வெட்டிவிடலாமா?

உடனே வெட்டாதீர்கள். வேலைக்கு வராதது மட்டும் போதாது, வேலையைக் கைவிடும் எண்ணம் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். அவருடைய கடைசி முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, இன்ன திகதிக்கு முன் வேலைக்கு வரும்படி அல்லது காரணம் சொல்லும்படி கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வேலையைக் கைவிட்டதாகக் கருதுவதாக இரண்டாவது கடிதம். இரண்டு பற்றுச்சீட்டையும் பத்திரமாக வையுங்கள். இதைச் செய்யாதவர்களிடம், 'முதலாளி வரவேண்டாம் என்றார்' என்று ஆறு மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு வழக்கு வந்து நிற்கும்.

அவர் வேலைசெய்த நாட்களுக்குரிய சம்பளம், சேமலாப நிதி, உரியதானால் பணிக்கொடை ஆகியவை அவர் எப்படிப் போனாலும் அவருக்குரியவை.

55 வயதானவரை ஓய்வில் அனுப்பலாமா?

15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடத்தில் முடியாது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 2021 நவம்பர் 17இல் நடைமுறைக்கு வந்தது. அன்று 52 வயதை எட்டியிராதவர்களுக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. சேமலாப நிதியை ஆண் 55இலும் பெண் 50இலும் எடுக்கலாம் என்பது வேறு விடயம். அதை எடுக்கும் வயதையும் வேலையிலிருந்து அனுப்பும் வயதையும் ஒன்றாக எண்ணிக் கடிதம் கொடுக்கும் நிறுவனங்கள் இன்னும் உள்ளன.

தொழில் உத்தியோகத்தர் வந்தால் என்ன கேட்பார்?

வரவுப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, லீவுப் பதிவேடு, நியமனக் கடிதப் பிரதிகள், சேமலாப நிதிக்கு மாதாமாதம் அனுப்பிய 'சி' படிவங்கள், கட்டிய பற்றுச்சீட்டுகள். ஊழியர்களிடமும் தனியே பேசுவார். பதிவேடு இல்லாவிட்டால் ஊழியரின் வாக்குமூலமே கணக்குக்கு அடிப்படையாகிவிடும்: எப்போது சேர்ந்தார், எவ்வளவு சம்பளம், எத்தனை மணிக்குப் போனார் எல்லாம் அவர் சொல்வதுதான். அதை மறுக்க உங்களிடம் தாள் இருக்காது.

சம்பளம் கையில் காசாகக் கொடுப்பவர்கள் அடிப்படை, படி, மேலதிக நேரம், கழிவு, கைக்கு வரும் தொகை என்று ஐந்து வரியில் ஒரு சீட்டு எழுதி, பிரதியில் கையெழுத்து வாங்கினால் போதும். கணினி தேவையில்லை, காபன் தாள் வைத்த ஒரு புத்தகம் போதும்.